டார்க் வேவ் கேட்க ஆரம்பிப்பது எப்படி: பேஸைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்

பெலாரஸ் நாட்டுக் குழுவான மல்சாட் டோமாவின் 'சூட்னோ' பாட்டு 2020-இல் டிக்டாக்கில் சக்கைப்போடு போட்டது. சாம்பல் நிற அடுக்குமாடிகள், பனி, ஜன்னலோரம் சும்மா நிற்கும் ஒருவர், பின்னணியில் இந்தப் பாட்டு. இங்கே டிக்டாக் தடையான பிறகு அதே மாதிரிக் காணொளிகள் ரீல்ஸ் வழியாக நம் போனுக்கும் வந்து சேர்ந்தன. "இது என்ன வகைப் பாட்டு? இதே மாதிரி வேறு என்ன இருக்கு?" என்று என்னிடம் கேட்கிறவர்களில் பலர் அந்த வழியாக வந்தவர்கள்தான். அவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

இந்த இசைக்குப் பொதுவான பெயர் டார்க் வேவ். 1970-களின் கடைசியில் பிரிட்டனில் பங்க் இசையின் சூடு தணிந்தபோது, அதே கிட்டாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு சிலர் நிதானமாக, இருட்டாக, நிறைய இடைவெளி விட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். அது போஸ்ட்-பங்க். அதிலிருந்து பிரிந்த கிளை காத்திக் ராக். அதோடு சின்தசைசரும் டிரம் மெஷினும் சேர்ந்து 1980-களில் ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியில், டார்க் வேவ் என்று பெயர் எடுத்தது. நியூ வேவ் என்ற பளபளப்பான பாப் இசையின் நிழல் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு இந்த வரையறை போதும். எந்தக் குழு எந்த வகை என்று ராத்திரி இரண்டு மணி வரை சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் கேட்ட பிறகு நீங்களும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

எனக்குத் தெரிந்த ஒரே சூட்சுமம், பேஸைப் பிடிப்பது, அதாவது பாட்டின் அடியில் ஓடும் பேஸ் கிட்டாரின் கனத்த ஒலியைப் பின்தொடர்வது. சோகப் பாட்டு என்று நினைத்து வரிகளைத் தேடி வருகிறவர்கள் ஒரு வாரத்தில் சலித்துப் போய்விடுகிறார்கள். பேஸ் காதில் பிடிபட்டவர்கள் தங்கிவிடுகிறார்கள்.

படி 1: முதலில் காதுக்கு ஒரு ஏற்பாடு

நான் முதன்முதலில் ஜாய் டிவிஷன் என்ற பிரிட்டிஷ் குழுவைக் கேட்டது போன் ஸ்பீக்கரில். மேலே ஒரு கிட்டார் கிறீச்சிட்டது, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முணுமுணுக்கிற மாதிரி ஒரு குரல். அடுப்படியிலிருந்து அம்மா, "யார் வீட்டு எழவுடா?" என்றார். நிறுத்திவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து நண்பன் ஒருவன் தன் ஹெட்போனை என் காதில் மாட்டி அதே பாட்டைப் போட்டான். கீழே ஒரு ஆளே உட்கார்ந்து தனியாக ராகம் வாசித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

காரணம் எளிது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. போனில் இருக்கும் நகக்கண் அளவு ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. இந்த இசையில் பேஸ் போனால் பாதிப் பாட்டு போச்சு. விலை உயர்ந்த ஹெட்போன் தேவையில்லை. காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனை வைத்த சாதாரண வயர் இயர்போனே போதும். ஈக்வலைசரில் பேஸைத் தூக்கி வைக்காதீர்கள், அப்படியே விடுங்கள்.

பழக ஒரு வழி சொல்கிறேன். உங்களுக்கு மனப்பாடமான இளையராஜா பாட்டு ஒன்றை எடுத்து, குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டார் எங்கே போகிறது என்று மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அவர் பாட்டுகளில் பேஸ் தனக்கென ஒரு மெட்டு வைத்திருக்கும். அது பிடிபட்டால் அடுத்த படிக்குத் தயார்.

படி 2: ஒரே ஆல்பம், ஒரு வாரம்

பிளேலிஸ்ட் வேண்டாம். "டார்க் வேவ் டாப் 50" என்று எதையாவது ஓடவிட்டால் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே கேட்கும், நாலாவது பாட்டில் மனம் வேறெங்காவது போய்விடும். ஜாய் டிவிஷனின் 'அன்னோன் பிளெஷர்ஸ்' ஆல்பத்தை மட்டும் எடுங்கள். மான்செஸ்டர் பக்கத்து நான்கு இளைஞர்கள், 1979 ஜூனில் ஃபேக்டரி ரெகார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் வழியாக வெளியிட்டது. அந்தக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை மலைத்தொடர் மாதிரிக் கோடுகள் போட்ட டி-ஷர்ட்டை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அது இந்த ஆல்பத்தின் அட்டைதான். கோடுகள் மலையும் இல்லை, இதயத்துடிப்பும் இல்லை. 1967-இல் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பல்சர் விண்மீனின் ரேடியோ துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய வரைபடம்.

முதல் பாட்டு 'டிஸ்ஆர்டர்'. டிரம்ஸ் மட்டும் தனியாக ஆரம்பிக்கும், அப்புறம் பேஸ், அதற்குப் பிறகுதான் கிட்டார். ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற மாதிரி இருக்கும். கிட்டார் வந்ததும் உங்கள் காது அதன் பின்னால் ஓடப் பார்க்கும். விடாதீர்கள், பேஸோடே இருங்கள். இதில் மெட்டைச் சுமப்பது பேஸ்தான். கிட்டார் அதன்மேல் வந்து வந்து கீறிவிட்டுப் போகிறது.

இது எப்படி வந்தது என்பது சுவாரசியம். பேஸ் வாசித்த பீட்டர் ஹுக்கிடம் ஆரம்பத்தில் இருந்தது மட்டமான ஸ்பீக்கர். மற்றவர்கள் போட்ட சத்தத்தில், கீழ்ச் சுரங்களில் வாசித்தால் அவர் வாசிப்பது அவருக்கே கேட்காது. அதனால் பேஸ் கிட்டாரின் கழுத்தில் மேல்பகுதிக்குப் போய் உச்சச் சுரங்களில் வாசிக்கத் தொடங்கினார். வசதிக் குறைவில் பிறந்த அந்த பாணியை இன்றைக்கு உலகம் முழுக்க டார்க் வேவ் குழுக்கள் வேண்டுமென்றே வாசிக்கின்றன.

இன்னொரு ஆளையும் கவனியுங்கள்: தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். ஸ்டாக்போர்ட் ஊரில் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, சுத்தமாக விழ வேண்டும் என்று டிரம்மர் ஸ்டீபன் மாரிஸைப் பாடாய்ப் படுத்தினார். 'இன்சைட்' பாட்டில் பாடகர் இயன் கர்ட்டிஸின் குரல் தூரத்தில் இருந்து வர வேண்டும் என்பதற்காக அதைத் தொலைபேசி இணைப்பு வழியாகப் பதிவுசெய்தார். கடைசிப் பாட்டில் கண்ணாடி உடையும் சத்தம் வரும், பயந்துவிடாதீர்கள். இசைக்கருவிகளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தையே ஒரு கருவியாக ஹானெட் வைத்தார். குழுவினருக்கு அது அப்போது பிடிக்கவில்லை. மேடையில் இன்னும் முரட்டுத்தனமாக வாசித்தவர்கள் அவர்கள். நான் ஹானெட் கட்சி.

இயன் கர்ட்டிஸ் வலிப்பு நோயோடும் மன அழுத்தத்தோடும் போராடி, 1980 மே 18 அன்று, 23 வயதில், முதல் அமெரிக்கப் பயணம் கிளம்பும் நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டாவது ஆல்பம் 'க்ளோசர்' இரண்டு மாதம் கழித்து வந்தது. இந்த மரணத்தை ஏதோ கவித்துவமான விஷயம் மாதிரிக் கொண்டாடும் பதிவுகள் நிறைய கிடைக்கும். ஒதுக்குங்கள். ஒரு குழந்தைக்குத் தகப்பன், சரியான சிகிச்சை கிடைக்காத நோயாளி, அவ்வளவுதான். மீதி மூவரும் நியூ ஆர்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டு 1983-இல் 'ப்ளூ மண்டே' போட்டார்கள். அதே துக்கம் டிரம் மெஷின் மேல் ஏறி நடனக் கூடத்துக்குள் நுழைந்தது அதில்தான். அந்தப் பாட்டை 'க்ளோசர்' முடித்த கையோடு கேளுங்கள், வரலாறு ஏழு நிமிடத்தில் புரிந்துவிடும்.

படி 3: காத்திக் ராக், அளவாக

பௌஹவுஸ் குழுவின் 'பேலா லுகோசீஸ் டெட்', 1979. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். குரல் வரவே கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆகும். அதுவரை டிரம்ஸின் டக்-டக் ஒலியும், எதிரொலித்துக்கொண்டே தேய்கிற கிட்டாரும், கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் மூன்று சுர பேஸும்தான். ஜமைக்காவின் டப் இசையிலிருந்து எடுத்த எதிரொலி உத்தி இது. கறுப்பு உடை, வெளுத்த முகம் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. 1982-இல் லண்டன் சோஹோவில் தொடங்கிய பேட்கேவ் கிளப் அந்த அலங்காரத்தை ஊரறியச் செய்தது.

அடுத்து தி க்யூர். 'செவன்டீன் செகண்ட்ஸ்' 1980, 'ஃபெய்த்' 1981, 'போர்னோகிராஃபி' 1982. இந்த மூன்றும் வரிசையாக இருட்டிக்கொண்டே போகும். தொடங்க 'எ ஃபாரஸ்ட்' பாட்டு. சைமன் காலப்பின் பேஸ் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், கிட்டார் பாதியில் நின்றுவிடும், பேஸ் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் தனியாக ஓடி அடங்கும். மூன்றாவது ஆல்பத்தை மட்டும் மனசு சரியில்லாத நாளில் எடுக்க வேண்டாம். சொன்னால் கேளுங்கள்.

சூக்ஸி அண்ட் தி பன்ஷீஸின் 'ஜூஜூ' ஆல்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1981. கிட்டார் வாசிப்பவர்கள் இதில் ஒரு மாதம் தங்கலாம்.

படி 4: மெஷின் உள்ளே வருகிறது

லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவுக்கு டிரம்மர் கிடையாது. டிரம் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு அதற்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயர் சூட்டி, குழு உறுப்பினராகவே நடத்தினார்கள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பாடகர் ஆண்ட்ரூ எல்ட்ரிச்சும் டாக்டரும் மட்டும் நிலைத்தார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் டார்க் வேவின் உயிர்நாடி அதில் இருக்கிறது. மனிதன் தட்டினால் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். மெஷின் அசையாது. அந்த அசையாத தாளத்தின்மேல் ஒரு மனிதக் குரல் தளும்பும்போது வருகிற உணர்வுதான் நாம் தேடுவது. 1987-இல் வந்த 'ஃப்ளட்லேண்ட்' ஆல்பத்தில் இதை முழுசாகக் கேட்கலாம்.

டெபெஷ் மோடின் 'பிளாக் செலிப்ரேஷன்' 1986-இல் வந்தது. சின்னப் பையன்கள் மாதிரி பாப் பாடிக்கொண்டிருந்தவர்கள் இருட்டுக்குள் குடியேறிய ஆல்பம். கூடவே நெதர்லாந்தின் க்ளான் ஆஃப் ஸைமாக்ஸ் 1985-இல் போட்ட முதல் ஆல்பம். டார்க் வேவுக்கு ஒரே ஒரு மாதிரி காட்டு என்றால் நான் இதைத்தான் நீட்டுவேன். போஸ்ட்-பங்க் பேஸ், மெஷின் தாளம், பனிமூட்டம் மாதிரி சின்தசைசர், அடித்தொண்டைக் குரல், எல்லாம் ஒரே இடத்தில்.

ஜெர்மனி இதை வீட்டுப் பிள்ளையாகவே தத்தெடுத்துக்கொண்டது. டைனே லகாயன், டைரி ஆஃப் ட்ரீம்ஸ் என்று 1990-களில் குழுக்கள் பெருகின. நாடு ஒன்றிணைந்த சில காலத்தில், 1992-இல், பழைய கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வேவ்-காத்திக்-ட்ரெஃபன் திருவிழா தொடங்கியது. ஒவ்வொரு பெந்தகொஸ்தே வார இறுதியிலும் நடக்கிறது, சுமார் 20,000 பேர் கூடுகிறார்கள். சில நாட்களுக்கு ஊர் முழுக்கக் கறுப்பு உடைதான். என்றைக்காவது போக வேண்டும் என்று நானும் பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

படி 5: எந்தப் பக்கம் திரும்புவது?

இதுவரை கேட்டதில் எது உங்களைத் தொட்டதோ, அந்தத் திசையில் போங்கள்.

டிரம் மெஷின்தான் பிடித்தது, உடம்பு தானாக ஆடியது என்றால் ஈ.பி.எம். பக்கம். எலெக்ட்ரானிக் பாடி மியூசிக் என்பதன் சுருக்கம். பெல்ஜியத்தின் ஃப்ரன்ட் 242, இங்கிலாந்தின் நிட்ஸர் எப், இவர்களுக்கெல்லாம் முன்னோடியான ஜெர்மனியின் டி.ஏ.எஃப். மூவரும் போதும். சின்தசைசர் பேஸ் ஒரே அச்சில் திரும்பத் திரும்பச் சுழலும், மேலே கட்டளை போடுகிற மாதிரிக் குரல். உடற்பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தெரியாது.

சின்தசைசரின் குளிர்ச்சி பிடித்தது என்றால் கோல்ட் வேவ். பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்துச் சரக்கு. நான்சி நகரத்தின் காஸ் ப்ராடக்ட் 1982-இல் வெளியிட்ட 'ட்ரை அவுட்' நல்ல தொடக்கம். மறந்துபோன இந்த மாதிரிப் பதிவுகளைத் தேடி எடுத்து மறுபடி வெளியிடவே நியூயார்க்கில் மினிமல் வேவ் என்று ஒரு நிறுவனம் 2005-இல் தொடங்கியது. இன்று அந்தப் பெயரே ஒரு வகையின் பெயராகிவிட்டது.

மூட்டமும் எதிரொலியும்தான் இழுத்தது என்றால் ஈதரியல் வேவ். லண்டனின் ஃபோர் ஏ.டி. நிறுவனம் இதன் தாய்வீடு. காக்டோ ட்வின்ஸ் குழுவின் எலிசபெத் ஃப்ரேசர் பல பாட்டுகளில் பொருளுள்ள சொற்களையே பாடுவதில்லை. வாய்க்கு வந்த ஒலிகளை வைத்து ஆலாபனை மாதிரிக் கொண்டுபோவார். டெட் கேன் டான்ஸில் பாடிய லீசா ஜெரார்டின் குரலை நீங்கள் ஏற்கனவே கேட்டிருக்க வாய்ப்புண்டு. 'கிளாடியேட்டர்' படத்தின் இசையில் ஒலித்த அந்தப் பெண் குரல் அவருடையதுதான்.

இரைச்சல் பிடித்தவர்களுக்கு இண்டஸ்ட்ரியல் இருக்கிறது. வேர் தேடினால் த்ராபிங் கிரிஸ்டில், 1970-களின் நடுப்பகுதி, இங்கிலாந்து. கேட்கும்படியாக வேண்டும் என்றால் கனடாவின் ஸ்கின்னி பப்பி. இந்தப் பக்கம் எனக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

இந்தக் கிளைகளில் அலையும்போது ராணுவ உடை, நாஜிக்கால அடையாளங்கள் கண்ணில் படலாம். சிலர் அதிர்ச்சி தரப் போட்டவர்கள், சிலர் உண்மையிலேயே அந்தக் கொள்கைக்காரர்கள். ஜாய் டிவிஷன் என்ற பெயரே நாஜி முகாம்களில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பகுதிக்கு ஒரு நாவலில் வரும் பெயர். அந்தப் பெயருக்காக அப்போதே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஒரு குழுவின் சட்டையை வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் தேடிப் படித்துவிடுங்கள்.

படி 6: இன்றைய குழுக்கள்

இவ்வளவு தூரம் வந்த பிறகு 'சூட்னோ'வை மறுபடி கேளுங்கள். எல்லாம் தெரிந்த ஆட்களாக இருப்பார்கள்: உச்சச் சுரத்தில் பீட்டர் ஹுக் சாயல், அசையாத டிரம் மெஷின், கிணற்றுக் குரல். வரிகள் இவர்கள் எழுதியவை அல்ல. 2001-இல் இறந்துபோன போரிஸ் ரீஷி என்ற ரஷ்யக் கவிஞரின் கவிதை. ரீல்ஸில் காதல் தோல்விக்கும் மழைக்கும் இதைப் போடுகிறார்கள். 'சூட்னோ' என்றால் ரஷ்ய மொழியில் கப்பல் என்றும் பொருள் உண்டு, ஆனால் கவிதையில் வருவது எனாமல் பூசிய சூட்னோ, அதாவது ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வைக்கிற பெட்பேன். இது தெரிந்த பிறகு அந்தக் காணொளிகளை என்னால் சிரிக்காமல் பார்க்க முடிவதில்லை. பாட்டு மட்டும் இன்னும் கனமாகிவிட்டது. இன்னொன்று: இந்தப் பாட்டு வரும் 'எதாஜி' ஆல்பத்தின் அட்டையில் இருக்கும் கட்டடத்தை சோவியத் குடியிருப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஸ்லோவாக்கியாவின் மலைப்பகுதியில் இருக்கிற ஒரு ஓட்டல்.

துருக்கியின் புர்சா நகரத்து ஷி பாஸ்ட் அவே முழுக்கத் துருக்கி மொழியிலேயே பாடுகிறார்கள், மேடையில் ஐரோப்பாவே ஆடுகிறது. மொழி புரியவில்லையே என்று தயங்காதீர்கள். குரலையும் இன்னொரு வாத்தியமாகவே இந்த இசை வைத்திருக்கிறது. அப்புறம் லெபனான் ஹனோவர் என்ற குழுவின் 'கேலோடான்ஸ்' பாட்டு, அமெரிக்காவின் பாய் ஹார்ஷர், டெக்சாஸின் ட்வின் ட்ரைப்ஸ். பிடித்த குழுவுக்குக் காசு கொடுக்க நினைத்தால் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்தை விலைக்கு வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஆயிரம் முறை கேட்பதைவிட அது அவர்களுக்கு அதிகம் போய்ச் சேரும்.

படி 7: நீங்களே ஒன்று கட்டிப் பாருங்கள்

இசை தெரியாதவர்களும் செய்யலாம். ஒரு மாலைப்பொழுதும் இலவச மென்பொருள் ஒன்றும் போதும். செய்து பார்த்தால் பத்து ஆல்பம் கேட்டாலும் புரியாதது புரியும்.

வேகம் நிமிடத்துக்கு 130 அடி. நான்கு அடிக்கு ஒரு சுற்று. ஒன்றாவது, மூன்றாவது அடியில் கிக் (காலால் மிதிக்கிற பெரிய டிரம்), இரண்டாவது, நான்காவது அடியில் ஸ்நேர் (படாரென்று ஒலிக்கும் சின்ன டிரம்). கடைசிவரை மாற்றாதீர்கள், நடுவில் அலங்காரமும் வேண்டாம். நாம் கட்டுவது டாக்டர் அவலாஞ்ச்.

அடுத்து ஸ்கேல். இயற்கை மைனர், கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு நடபைரவி. ஏ மைனர், எஃப் மேஜர், சி மேஜர், ஜி மேஜர் என்று நாலு கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்), ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. பேஸ் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு முறை, அந்தக் கார்டின் அடிப்படைச் சுரத்தில் குதிரை ஓட்டம் மாதிரி நிற்காமல் ஓடட்டும். அது பழகியதும் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே போய் ஏதாவது ஒரு சின்ன மெட்டு வாசியுங்கள். ஹுக் அங்கேதான் இருக்கிறார்.

பேஸுக்கு கோரஸ் எஃபெக்ட் போடுங்கள். அது ஒலியைப் பிரதியெடுத்து, பிரதியின் சுருதியை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டே இருக்கும். ஒருவர் வாசித்தது இரண்டு பேர் வாசிப்பது மாதிரித் தண்ணீருக்குள் மிதக்கும். கிட்டாருக்கு டிலே, அதாவது வாசித்ததைக் கொஞ்சம் தள்ளித் திருப்பி ஒலிக்கும் எதிரொலி எஃபெக்ட். 130 வேகத்தில் ஒரு அடி 461 மில்லி நொடி. அதில் முக்கால், 346 மில்லி நொடி, டிலேயில் போடுங்கள். ஒரு சுரத்தைத் தட்டினால் எதிரொலிகள் தாளத்தின் சந்துகளுக்குள் தாமாகவே போய் விழும். குறைவாக வாசித்தால்தான் அழகு.

சின்தசைசரில் அந்த நாலு கார்டுகளையும் சும்மா நீட்டிப் பிடியுங்கள். குரலை மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நின்று, பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற மாதிரி மெதுவாகப் பாடுங்கள். தமிழிலேயே பாடலாம், யார் தடுத்தது? பிறகு குரலுக்கும் ஸ்நேருக்கும் ரிவெர்ப், அதாவது பெரிய கூடத்துக்குள் ஒலிக்கிற மாதிரியான முழக்கம். இன்னும் கொஞ்சம் கூட்டலாமா என்று கை துறுதுறுக்கும். தாராளமாகக் கூட்டுங்கள். பேஸ் பக்கம் மட்டும் அந்த ரிவெர்ப் குமிழைக் கொண்டுபோகாதீர்கள், சேறாகிவிடும்.